குடை என்னுடையது, ஸ்தோத்திரம் கர்த்தருக்கு

கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும் எங்கள் ஊர் டீக்கடையில், 2005-க்கும் 2010-க்கும் இடைப்பட்ட வருஷங்களில், மாதத்தின் முதல் திங்கட்கிழமை என்றால் வாசிப்பு நாள். வாசித்தது பேப்பர் அல்ல, ஒரு பக்க ஜெராக்ஸ். கடைக்கு இரண்டு வளைவு கீழே, தேயிலைத் தோட்டத்து ஓரம், தகரக் கூரை போட்ட வீட்டில் ஒரு பெந்தெகொஸ்தே குடும்பம் இருந்தது. அந்த வீட்டுக்காரருக்குக் கொழுந்து எடை போடும் இடத்தில் கணக்கு எழுதுகிற வேலை. ஊரில் எல்லோருக்கும், மாரியம்மன் கோயில் பூசாரிக்குக்கூட, அவர் ‘பிரதர்’. மாதா மாதம் தன் வீட்டில் நடந்ததை நுணுக்கி நுணுக்கி ஒரு தாளில் எழுதி, முப்பது நாற்பது பிரதி எடுத்து, வெளியூர் உறவுகளுக்கும் சபைக்காரர்களுக்கும் தபாலில் அனுப்புவார். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும் வழியில் ஊர் வீடுகளில் கொடுத்துவிட்டுப் போவார். கடையிலும் ஒன்று. தலைப்பு எப்போதும் ஒரே சொல்தான்: சாட்சி.

அதில் என்ன இருக்கும்? 14-ஆம் தேதி காலை இட்லி வேகும்போது சிலிண்டர் தீர்ந்தது. மழைக்கு லாரி மேலே வராது என்றார்கள். குடும்பமாக முழங்காலில் நின்றார்கள். 16-ஆம் தேதி லாரி வந்தது. ஸ்தோத்திரம். மூத்த பையனின் செருப்பு பஸ் ஏறும்போது அறுந்தது. அதே பஸ்ஸில் ஊசியும் நூலும் வைத்திருந்த ஒருவரைக் கர்த்தர் ஆயத்தம் பண்ணியிருந்தார். நான்கு நாள் மூடுபனியில் துணி காயவில்லை. ஐந்தாம் நாள் வஸ்திரங்கள் உலரும்படி வெயில் கட்டளையிடப்பட்டது. ஒரு ராத்திரி கரடி வந்து சமையலறைக் கதவைப் பிறாண்டியது. வீட்டில் இருந்தவர்கள் பாட்டுப் பாடினார்கள். கரடி திரும்பிப் போய்விட்டது.

கரடி வந்த மாதம் கடையில் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். “கரடியும் மனந்திரும்பிடுச்சு போல” என்று ஒருவர் சொல்ல, டீ குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறியது. வாசிக்கிறவர் பாஸ்டர் குரலை அப்படியே கொண்டுவருவார். ‘சிலிண்டர்’ என்ற சொல் வரும் இடத்தில் கையை மேலே தூக்குவார். நானும் சிரித்தவன்தான். இதை எழுதுவதால் ஒதுங்கி நின்று பார்த்தவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

(கரடி விஷயத்தில் என் கணிப்பு வேறு. கோத்தகிரிப் பக்கம் கரடிகள் கோயிலுக்கும் வீட்டுக்கும் வருவது விளக்கு எண்ணெயையும் வெல்லத்தையும் தேடி. பிரதர் வீட்டில் விளக்கும் இல்லை, படையலும் இல்லை. வந்த கரடிக்கு அங்கே வேலை இல்லை, அவ்வளவுதான்.)

கட்டுப்பாடான பக்திக் குடும்பம் ஒன்றின் அன்றாடம் மற்றவர்களுக்கு ஏன் இத்தனை சிரிப்பாக இருக்கிறது? அவர்கள் செய்ததில் விசேஷமாக எதுவும் இல்லை. எங்கள் வீட்டிலும் சிலிண்டர் தீர்ந்தது, எங்கள் துணியும் காயவில்லை. பேய் ஓட்டினேன், செத்தவனை எழுப்பினேன் என்று அந்தத் தாளில் இருந்திருந்தால் பாதிப் பேர் பயந்திருப்பார்கள், மீதிப் பேர் சண்டைக்குப் போயிருப்பார்கள். சிரிப்பு வந்தது செருப்பு அறுந்ததால்.

முதல் காரணம் மொழி. தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலானவை, பெந்தெகொஸ்தே சபைகள் உட்பட, இன்றைக்கும் கையில் வைத்திருப்பது 1871-இல் வெளிவந்த வேதாகம மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு திருத்தி அமைத்தது. அந்தக் காலத்து எழுத்துத் தமிழ், வடசொல் தாராளமாகக் கலந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ மொழிபெயர்ப்பு வந்தாயிற்று. 1995-இல் கத்தோலிக்கரும் மற்ற சபைகளும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பு ஒன்றும் கொண்டுவந்தார்கள். ஆனால் ஜெபம் பண்ணும்போது நாக்கில் வருவது பழசுதான். வெளியே நூற்றைம்பது வருஷத்தில் தமிழ் எங்கேயோ போய்விட்டது. வஸ்திரம் துணியாகி, போஜனம் சாப்பாடாகி, கிருபை என்ற சொல்லே சபைக்கு வெளியே புழக்கத்தில் இல்லாமல் போனது. பிரதர் வீட்டில் மட்டும் அவை சமையலறை வரைக்கும் உயிரோடு இருந்தன. 1871-இன் தமிழில் எழுதுவதற்கு 2007-இன் சிலிண்டர்தான் அவருக்குக் கிடைத்தது. தாளை வாசித்தவனுக்கு இரண்டும் ஒரே வரியில் வந்து முட்டின.

அவருக்கு அது முட்டலே இல்லை, அதையும் சொல்லவேண்டும். நமக்குத்தான் அது மேடைத் தமிழ். அவர் பிள்ளையை அதட்டுவதுகூட அந்தத் தமிழில்தான்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் உறுத்தலானது. ஒரு நவம்பர் மாலை, மழை பிடித்துக்கொண்டபோது, பிரதரின் மனைவி எங்கள் வாசல் ஓரம் ஒதுங்கி நின்றார். நான் என் குடையைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நன்றாகக் காயவைத்து, கழன்றிருந்த ஒரு கம்பியையும் கட்டிச் சரிபண்ணித் திருப்பித் தந்தார்கள். அடுத்த மாதத் தாளில் அந்தக் குடை வந்திருந்தது. பெருமழையில் திகைத்து நின்ற தம் பிள்ளைக்குக் கர்த்தர் ஒரு குடையைக் கட்டளையிட்டாராம். என் பேர் இல்லை. பக்கத்து வீட்டார் என்றுகூட இல்லை. கடையில் ஒரு மாதம் என்னை ஓட்டித் தள்ளிவிட்டார்கள். “குடை உன்னுது, ஸ்தோத்திரம் அவருக்கா? கேட்டு வாங்குப்பா.”

சாட்சி என்ற வடிவத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. அதில் எழுவாய் எப்போதும் கர்த்தர். மனிதர்கள் கருவியாக வரலாம், அதுவும் பெயர் சொல்லாமல் வந்தால் நல்லது. ‘இன்னார் உதவினார்’ என்று எழுதினால் மகிமை மனுஷனுக்குப் போய்விடும். லாரி ஓட்டி வந்தவர், குடை கொடுத்தவர், ஊசி நூல் வைத்திருந்தவர் எல்லோரும் வாக்கியத்திலிருந்து கழன்றுகொள்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு இது பணிவு. வெளியே நின்று வாசிக்கிறவருக்கு நன்றி கெட்டத்தனமாகத் தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, மறைப்பானேன்.

இந்த இலக்கணம் எங்கள் ஊர் பிரதர் கண்டுபிடித்ததில்லை. தமிழ் மண்ணில் அதற்கு முந்நூறு வருஷ வயது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கும் அவர் பின்னால் வந்தவர்களும் ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு நாட்குறிப்பும் கடிதமும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 1710 முதல் அவை அங்கே அச்சாகி, காணிக்கை கொடுத்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பியட்டிசம் என்று பெயர் பெற்ற அந்தப் பக்தி இயக்கத்தில் ஒவ்வொரு நாளும் கடவுளோடு ஒரு கணக்கு. எதையும் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. இன்று யாரைச் சந்தித்தேன், என்ன பேசினேன், உடம்பு எப்படி இருந்தது, எல்லாமே எழுதத் தக்கது. தமிழர்கள் கேட்ட குறுக்குக் கேள்விகளும் அந்த அறிக்கைகளில் உண்டு. சிரித்தவர்களையும் சேர்த்து எழுதிவைத்தார்கள்.

அதே மரபின் இன்னொரு கிளை நீலகிரிக்கே ஏறி வந்தது. 1815-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய பாசல் மிஷன் 1846-இல் கேத்தியில் கால் வைத்தது. படுகர்களோடும் தோதவர்களோடும் பழகி எழுதிய மெட்ஸ் அந்த மிஷன்காரர்தான். அவர்களும் ஊருக்கு அறிக்கை அனுப்பக் கடமைப்பட்டவர்கள். எங்கள் மலையின் பழைய வழித்தடங்கள், மழைக்காலங்கள், காய்ச்சல்கள் பலவும் இன்று பாசல் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கேத்தியில் மழை பெய்ததை எழுதி பாசலுக்கு அனுப்பியபோது அது ஆவணம் ஆனது. பிரதர் அதே மழையை எழுதியபோது நாங்கள் சிரித்தோம்.

‘சிலிண்டரைக் கடவுள் தருவார்’ என்கிற பகுதிக்கு வேறொரு பூர்வீகம் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் ஜார்ஜ் முல்லர் 1836-இல் ஓர் அனாதை இல்லம் திறந்தார். யாரிடமும் பணம் கேட்பதில்லை, ஜெபத்தில் மட்டும் சொல்வது என்பது அவர் ஏற்படுத்திக்கொண்ட விதி. வந்த ஒவ்வொரு காசையும், வந்த நாளையும் விடாமல் கணக்கெழுதி அச்சிட்டார். அவருடைய மைத்துனர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் அதே கொள்கையோடு இந்தியாவுக்கு வந்தார். குரோவ்ஸிடமிருந்து அதைப் பெற்றுக்கொண்ட தமிழர்களில் ஒருவர் அருளப்பன். வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் இருந்தவர். வெள்ளைக்காரர் சம்பளம் வேண்டாம் என்று விசுவாசத்தில் வாழ்ந்தவர், விடாமல் நாட்குறிப்பு எழுதியவர். 1860-இல் திருநெல்வேலிச் சீமையில் அவரைச் சுற்றி ஓர் எழுப்புதல், அதாவது பக்தி அலை, நடந்தது; மக்கள் அந்நிய பாஷை (பெந்தெகொஸ்தேக்காரர்கள் ஆவியின் அடையாளமாகக் கொள்ளும், தாங்கள் கற்காத மொழி) பேசினார்கள் என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள். பெந்தெகொஸ்தே இயக்கத்தின் பிறப்பிடமாக எல்லோரும் காட்டும் லாஸ் ஏஞ்சலஸ் அசூசா தெருக் கூட்டங்கள் 1906-இல்தான். நம் ஊர்க்காரர்கள் அரை நூற்றாண்டு முந்திக்கொண்டார்கள் என்று திருநெல்வேலிக் கிறிஸ்தவர் ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னதுண்டு. பெருமைப்படட்டும், தப்பில்லை.

பிரதர் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து நேராக வரவில்லை. இலங்கை வழியாக வந்தது. 1920-களில் அங்கே ஒரு பெந்தெகொஸ்தே சபை முளைத்தது. தொடங்கியவர் மலையாளக் கரையிலிருந்து போன ராமன்குட்டி. பிற்பாடு அவருக்குப் பெயர் பாஸ்டர் பால். ஊழியர்கள் கல்யாணம் செய்யாமல், வெள்ளை உடுத்தி, சொந்தச் சொத்து வைக்காமல் ‘விசுவாச வீட்டில்’ சேர்ந்து வாழ்கிற முறை அது. எங்கள் பிரதர் அந்தச் சபைக்காரர் அல்ல, பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாத சின்னச் சபை அவருடையது. ஆனால் நகை போடாமை, வெள்ளை உடை, விசுவாச வாழ்க்கை என்ற பேச்சு எல்லாம் இலங்கைத் தேயிலை மலைகளில் அவருடைய அப்பா காலத்திலேயே காற்றில் இருந்தவை. 1964 அக்டோபர் 30-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று எழுதினார்கள். அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுவே இன்றைய டேன்டீ, அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். கப்பலேறி வந்த பெட்டிகளில் சட்டி பானையோடு கறுப்பு அட்டை போட்ட வேதாகமமும் வந்தது.

சிரிப்புக்கு இதுவும் ஒரு உரம். தாயகம் திரும்பியோர் என்பது அரசாங்கப் பெயர், ஊரில் ‘சிலோன்காரங்க’. சொந்த நிலம் இல்லை, சொந்தக் கோயில் இல்லை, பேச்சில் வேறு ராகம். அதற்கு மேல் அல்லேலூயா. ஊரின் பெரிய குடும்பம் ஒன்று இதே தாளை வெளியிட்டிருந்தால் கடையில் உரக்க வாசித்திருப்போமா? தமிழில் ஆசாரத்தைக் கிண்டல் பண்ணுவது புதுசில்லை, சிவவாக்கியர் காலத்திலிருந்து இருக்கிறது. ஆனால் அவர் கிண்டல் மேல்நோக்கிப் போனது. எங்களுடையது இரண்டு வளைவு கீழ்நோக்கிப் போனது.

கட்டுப்பாடு என்பதாலேயே யாரும் சிரிப்பதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். கார்த்திகை பிறந்தால் எங்கள் ஊரில் பாதி ஆண்கள் மாலை போட்டு, 41 நாள் செருப்பில்லாமல் பனியில் நடக்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவன் கால் கொப்புளத்தைப் பார்த்து ஊரே மரியாதை கொடுக்கிறது. ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளை உடுத்தி, தடியோடு ஊர் ஊராக நடந்து போகிற படுகப் பெரியவர்களுக்கு நாங்கள் வழி விட்டு ஒதுங்குகிறோம். எல்லாமே கடுமைதான். ஆனால் அந்த விரதங்களுக்கு முடிகிற தேதி உண்டு. மாலையைக் கழற்றியதும் அவன் நம்மில் ஒருத்தன் ஆகிவிடுவான். அன்றைக்கே பிரியாணிக் கடையில் பார்க்கலாம். விரதத்தில் ஊர் முழுக்கச் சேர்ந்து கொள்ளவும் இடமிருக்கிறது; போகிறவனுக்கு இருமுடி கட்டும்போது நாமும் ஒரு பிடி அரிசி போடலாம். பிரதர் வீட்டு விரதத்துக்கு முடிகிற தேதி கிடையாது. டிவி இல்லை, சினிமா இல்லை, பூ இல்லை, பொட்டு இல்லை, அந்த அம்மா கழுத்தில் ஒரு நூல்கூட இல்லை. வருஷம் 365 நாளும். நாம் ஒரு பிடி அரிசி போட அங்கே முடிச்சே இல்லை.

பலகாரத் தட்டு விவகாரத்தில்தான் இது முற்றியது. தீபாவளிக்கு எல்லா வீட்டுக்கும் போகிற மாதிரி அவர்கள் வீட்டுக்கும் அதிரசம், முறுக்குப் போனது. அந்த அம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். மறுநாள் எங்கள் வீட்டு அதிரசத்தை அவர்கள் கோழி கொத்திக்கொண்டிருந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். ஊரில் இதைவிடப் பெரிய செய்தி அந்த வருஷம் இல்லை. விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பது அவர்கள் விதி. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8 முதல் 10 வரையான அதிகாரங்களில் இந்தப் பேச்சு வருகிறது. எனக்கு ஆச்சரியம், பவுல் அங்கே பண்டத்தைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. சாப்பிட்டால் மேன்மையும் இல்லை, சாப்பிடாவிட்டால் குறைவும் இல்லை என்கிற மாதிரிதான் பேசுகிறார். அவர் கவலை, பார்த்துக்கொண்டிருக்கும் பலவீனமான சகோதரனின் மனசாட்சி. அப்படியானால் பிரதரும் ஊர் வாய்க்குப் பயந்தவர்தான். அவருடைய ஊர் அவருடைய சபை.

நமக்கோ தட்டு என்பது பலகாரம் மட்டுமா? தட்டு போனால் தட்டு வரவேண்டும். வெறும் தட்டைத் திருப்பித் தருவதுகூட வழக்கமில்லை. ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது வைத்துத் தருவார்கள். பல வீடுகளில் கிறிஸ்துமஸுக்குக் கேக் வந்து கணக்கு நேராகிவிடும். பிரதர் சபையில் கிறிஸ்துமஸும் கிடையாது. அதனால் எங்களுக்கும் அந்த வீட்டுக்கும் இடையில் வருஷக்கணக்கில் ஒரு கடன் நின்றது. மரியாதையான ஊர், அதற்காக யாரும் சண்டைக்குப் போகமாட்டார்கள். அந்தக் கடனைத்தான் திங்கட்கிழமைதோறும் கடையில் சிரித்து வசூலித்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொன்றும் தோன்றுகிறது. எங்களிடமிருந்து எதையும் வாங்கிச் சாப்பிட முடியாத, எங்களுக்கு எதையும் சமைத்து அனுப்பும் பண்டிகையும் இல்லாத ஒரு வீட்டிலிருந்து வாசல் வாசலாக வந்த ஒரே பொருள் அந்த ஜெராக்ஸ்தான். மதம் மாற்றத்தான் கொடுக்கிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அந்த எண்ணம் அவருக்கு இல்லாமலும் இருந்திருக்காது. ஆனால் மனந்திரும்பச் சொல்லி ஒரு வரி அந்தத் தாளில் வந்ததாக எனக்கு நினைவில்லை. நரகம் வந்ததில்லை. சிலிண்டர் வந்தது, செருப்பு வந்தது, மூத்தவனின் கணக்குப் பரீட்சை மார்க் வந்தது. எங்கள் வீட்டில் இதுதான் சமாச்சாரம் என்கிற கடிதம் அது.

அந்தக் கடிதத்தில் சிரிக்கக் கூடாத ஒன்றும் ஒரு மாதம் வந்தது. சின்ன மகளுக்குப் பல்வலி. நான்கு ராத்திரி துடித்தாள், ஐந்தாம் நாள் கர்த்தர் சுகம் கொடுத்தார் என்று எழுதியிருந்தார். அந்தச் சபையில் மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு. வாசித்தவர் பல்லைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டினார், எல்லோரும் சிரித்தோம். எட்டு வயசுப் பிள்ளையை ஏன் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை என்று போய்க் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சீழ் வடிந்தால் பல்வலி தானாக அடங்குவதுண்டு. அதற்குள் முகமே வீங்கி உயிருக்கு மோசமாவதும் உண்டு. சண்டை போட்டிருக்கவேண்டிய மாதம் அது. சிரித்து முடித்ததும் எங்களுக்கு வேலை முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைக்கு ‘சிலிண்டர்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. பெயர் வைத்தவை எங்கள் வீட்டுப் பிள்ளைகள். கடையில் கேட்டதைத்தானே சொல்லும்.

சரி, அன்றாடம் என்று நாம் தள்ளுகிற விஷயங்களுக்கு வருவோம். சமவெளியில் சிலிண்டர் தீர்ந்தால் அது ஒரு போன். இங்கே ஏஜென்சி லாரி மெயின் ரோட்டில் நின்றுவிடும். அங்கிருந்து நூற்றிருபது படி, தோளில் வைத்து இறக்கவேண்டும். இறக்குகிறவருக்குக் கூலி தனி. மழை வலுத்தால் லாரியே இல்லை. மாற்றாக விறகு என்றால் ஈரச் சீகை (வாட்டில்) மரம்தான். ஊதி ஊதிக் கண் போய்விடும். கோத்தகிரிச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனமானது. ஐப்பசி கார்த்திகையில் பத்து நாள் வெயில் தெரியாமல் போகும். யூனிபார்ம் காயாத பிள்ளை ஸ்கூலுக்குப் போகாது. இதில் எது சின்ன விஷயம்? சிலிண்டர் வந்தால் நாங்களும் ‘அப்பாடா’ என்று உட்காருவோம். அந்த அப்பாடாவுக்கு அவர் வேறு சொல் வைத்திருந்தார், தேதி போட்டு எழுதினார்.

2009 நவம்பரில் இது தலைகீழானது. 8-ஆம் தேதி தொடங்கி மூன்று நாள் கொட்டிய மழை. 10-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் மட்டும் 82 செ.மீ. பதிவானது. மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரோடு அறுந்து, கரண்ட் இல்லாமல், யார் வீடு இருக்கிறது, யார் வீடு போனது என்று தெரியாமல் கிடந்தோம். பிரதர் வீட்டின் பின்பக்கத் திட்டு இரவோடு இரவாக இறங்கி, சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. காலையில் போய்ப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். மண்ணிலிருந்து ஒரு சீகை மரம் வேரோடு நீட்டிக்கொண்டிருந்தது, அதன் கிளை சமையலறை ஜன்னலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடி உடையவில்லை. அந்த அம்மா உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஆறு பேருக்கும் கொடுத்தார், குடித்தோம். அங்கே நின்ற யாருக்கும் வாயில் வேறு சொல் வரவில்லை. பூசாரிதான் முதலில் சொன்னார், “கடவுள் காப்பாத்திட்டார் பிரதர்.”

டிசம்பர் முதல் திங்கட்கிழமை தாள் வந்தது. ரோடு சரியாகாததால் ஜெராக்ஸ் இல்லை, கார்பன் வைத்துக் கையால் எழுதியிருந்தார். எழுத்து நீலமாகக் கசங்கியிருந்தது. திட்டு இறங்கியதைப் பற்றி மூன்றே வரி. மீதிப் பக்கம் முழுக்கப் பெயர்கள். அந்த மூன்று நாளில் மண் வெட்டியவர்கள், தார்ப்பாய் கொடுத்தவர்கள், பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் படுக்கவைத்துக்கொண்டவர்கள். இவர்களுக்காகக் குடும்பமாக ஜெபிக்கிறோம் என்று தலைப்பு. வீட்டுப் பெயரோடு, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, பிழையில்லாமல் இருபத்துமூன்று பேர். பூசாரி முதலில். மனுஷனுக்கு மகிமை போய்விடும் என்ற விதியை அந்த மாதம் யார் தளர்த்தினார்கள் என்று எனக்குத் தெரியாது.

வாசிக்கிறவர் வழக்கம்போலக் கையை உயர்த்தி ஆரம்பித்தார். நாலாவது பெயர் அவருடையது. கை இறங்கிவிட்டது. அதற்கப்புறம் ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற குரலில் வாசித்து முடித்தார். கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயர் பன்னிரண்டாவதாக வந்தது, என்னுடையது பதினேழு.

“உனக்கு முன்னாடி அஞ்சு இடம் நான்” என்றார் கடைக்காரர்.

“நீங்க தார்ப்பாய் குடுத்தீங்க. நான் மண்ணுதானே அள்ளினேன்.”

“குடையும் குடுத்திருக்க. அதைச் சேத்தா மேல வந்திருக்கணும்” என்று சொல்லி, தாளை வாங்கி இன்னொரு முறை பார்த்துவிட்டு, வர்க்கி டப்பாவுக்குப் பின்னால் செருகினார்.